தட்டுக்காட்டுக்குள் அஞ்சு முட்டை

2025 சித்திரை பிறந்து நாலாவது நாள். வெடியால ஆறு மணிக்கு மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போனவள், ஆறே காலுக்கு இடது கை விரலில் ரத்தம் சொட்டச் சொட்டத் தோட்டத்து வீட்டுக்கு, எங்கள் சாளைக்கு, ஓடி வந்தேன். அருவா பட்ட காயம் பெரிசில்லை, ரெண்டு நாளில் ஆறிவிட்டது. அதுக்குப் பின்னால் வந்த மூணு வாரம்தான் என்னை ஒரு வழி பண்ணிவிட்டது. தட்டுக்காட்டில் மயில் கூடு இருந்தால் என்ன பண்ணக் கூடாது, அதுக்காக அறுக்காமல் விடுகிற தட்டுக்குப் பதில் மாட்டுக்கு என்ன போடுவது, இந்த ரெண்டே ரெண்டு விசயத்தை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் பாதிக்கு மேல் தப்பித்திருப்பேன். எனக்குச் சொல்ல ஆள் இல்லை, அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

எங்கள் தோட்டம் காங்கயத்துக்கும் வெள்ளக்கோவிலுக்கும் நடுவில். பிஏபி என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால் தண்ணி எங்களுக்கு வந்தால் வந்தது, வராவிட்டால் போர் தண்ணிதான். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். குஜராத், மகாராஷ்டிரா என்று போனால் திரும்பி வர இருபது நாள் ஆகும். மாமியார் தவறி ரெண்டு வருசம் ஆச்சு. ஆக ரெண்டு கறவை, ஒரு கிடாரி, பத்துப் பதினைந்து கோழி, ஒரு நாய் எல்லாம் என் பாடுதான். மாட்டுக்காக 25 சென்ட்டில் கோ எஃப்எஸ் 29 தீவனச்சோளம் போட்டிருக்கிறேன். முதல் அறுப்பு 65 நாளில், அப்புறம் ஐம்பது நாளைக்கு ஒரு அறுப்பு. தினமும் அரை சென்ட் அறுத்துக்கொண்டே போனால் கடைசிப் பாத்தி முடியும்போது முதல் பாத்தி ஐம்பது நாள் வளர்ந்து திரும்பவும் அறுப்புக்கு வந்து நிற்கும். அரை சென்ட்டில் ஐம்பது கிலோ கிடைக்கும். வைக்கோல் கொஞ்சம் சேர்த்தால் மூணு உருப்படிக்கும் சரியாக இருக்கும். கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்த கணக்கு அது.

அன்றைக்கு அறுத்துக்கொண்டே போய் ஒரு பிடி தட்டை இடது கையில் சேர்த்துப் பிடித்து அருவாளை வைக்கிறேன், காலடியில் ஏதோ வெடித்த மாதிரி ஒரு சத்தம். முகத்தில் மண்ணும் காத்தும் அடித்தது. பயத்தில் அருவா நழுவி விரலைக் கீறிவிட்டது. பார்த்தால் பொட்டை மயில். தட்டுக்கு மேலே எழும்பி, கிளுவை வேலியைத் தாண்டி, கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், இருக்கும் வெள்வேல மரத்துக்கிட்டப் போய் இறங்கி நின்றது. அது இருந்த இடத்தில் கூடு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. மண்ணில் ஒரு சின்னப் பள்ளம், அதில் நாலைந்து காய்ந்த சோகை, அதுக்கு மேல் அஞ்சு முட்டை. வாத்து முட்டையை விடப் பெரிசு. வெள்ளை இல்லை, பழுப்பேறின மோர் நிறம். ஓடு வழவழ என்று இருந்தாலும் ஊசியால் குத்தின மாதிரி பொடிப்பொடியாகக் குழி. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். நம் கை சூட்டை விட அதிகச் சூடு. என் அருவா நின்ற இடத்துக்கும் முட்டைக்கும் ஒரு சாண் கூட இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மயிலைப் பிடிக்காது. கோயிலில் முருகனுக்குப் பக்கத்தில் நிற்பது வேறு, நம் காட்டில் வந்து நிற்பது வேறு. போன பட்டத்தில் போட்ட கடலையில் முளைத்ததெல்லாம் கொத்திக் கொத்தி எடுத்து, மறுபடியும் விதை வாங்கிப் போட வைத்த கூட்டம் இது. தக்காளி போட்டாலும் விடாது. ஆனாலும் சூடான முட்டையைத் தொட்ட கையோடு 'இதை என்ன பண்ணுவது' என்று நின்றேனே தவிர, தூக்கி எறிய மனசு வரவில்லை. தட்டு பாதி அறுத்தபடி நிற்கிறது, கட்டுத்தறியில் மாடு கத்துகிறது, விரலில் ரத்தம்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஆத்தா வந்து பார்த்தார்கள். "மனுசக் கை பட்டுப்போச்சு அம்மிணி, இனி அந்த மயிலு இந்தப் பக்கமே வராது. வாட புடிச்சுக்கும். உன்ற அடைகோழில வெச்சு உடு, பொரிச்சுரும்" என்றார்கள். அவர்கள் சொன்னது நல்ல மனசில்தான். எனக்கும் வேலை முடிய வேண்டும். எட்டு முட்டையில் படுத்திருந்த கருங்கோழிக்கு அடியில் அஞ்சையும் கொண்டுபோய் வைத்துவிட்டேன். கோழி ஒரு தரம் முறைத்துவிட்டு வயிற்றைப் பரப்பிக்கொண்டது. நானும் மீதித் தட்டை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, பெரிய புண்ணியம் பண்ணினவள் மாதிரி காப்பி குடித்தேன்.

நான் பண்ணின முதல் தப்பு இது. வாடை பிடித்துக்கொண்டு பறவை வராது என்பது சும்மா பேச்சு. பறவை முட்டையை விட்டுப் போவது ஆள் நடமாட்டத்தாலும் மறைவு போய்விடுவதாலும்தான், மோப்பத்தால் இல்லை. ரெண்டாவது, மயில் தேசியப் பறவை. 1972 வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்று சொன்னால் கொல்வது மட்டும் இல்லை, முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் அதில் வரும். 2022-ல் திருத்தம் வந்த பிறகு, முதல் பட்டியல் உயிர் என்றால் குறைந்தது மூணு வருசம் சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் அபராதம். நல்லெண்ணத்தில் எடுத்தேன் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம், கோழிக்கடியில் இருக்கும் மயில் முட்டையைப் பார்க்கிறவருக்கு அது தெரியாது. இதெல்லாம் எனக்கு அன்றைக்கு மதியம் ரெண்டு மணிக்கு வீட்டுக்காரர் திருப்பிக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. "ஏன் புள்ள, உனக்குக் கிறுக்கா? போட்டோ கீட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பிச்சியா?" என்றுதான் முதலில் கேட்டார். நல்ல வேளை, நான் எடுக்கவில்லை. ஆத்தாவின் பேரன் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். ஓடிப்போய் அழிக்க வைத்தேன். நீங்களும் கூட்டைப் பார்த்தால் படம் எடுக்க வேண்டாம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. இடம் தெரிந்துவிட்டால் வேடிக்கை பார்க்க நாலு பேர் வருவார்கள், அவர்கள் கூடவே நாயும் வரும்.

பொழுதோட நாலு மணி இருக்கும். கிடாரியை மாற்றிக் கட்டப் போனவள் வேலி ஓரம் அசைவு தெரிந்து நின்றேன். பொட்டை மயில் திரும்பி வந்திருந்தது. அறுத்த கட்டையில் ஒவ்வொரு அடியாக வைத்து, கழுத்தை நீட்டி, நின்று, திரும்பவும் ஒரு அடி. பள்ளத்துக்குப் பக்கத்தில் வந்து தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. மறுபக்கம் சாய்த்து இன்னொரு கண்ணால் பார்த்தது. அப்புறம் உட்கார்ந்தது. வெறும் குழியில் உட்கார்ந்து, மார்பை இப்படியும் அப்படியும் ஆட்டி, முட்டையைச் சரி பண்ணுவது மாதிரி இறக்கைக்கடியில் அலகை விட்டுத் துழாவியது. நான் கிடாரிக் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு ரெண்டு பெண் குழந்தைகள், பெரியவள் பிறந்தபோது நாலு நாள் இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள். அதுக்கு மேல் எழுத வேண்டாம்.

இருட்டும்போது அது எழுந்து போனது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கோழியை மூடி வைத்திருந்த கொடாப்புக் கூடையைத் தூக்கி, கருங்கோழியிடம் நாலு கொத்து வாங்கிக்கொண்டு அஞ்சு முட்டையையும் முந்தானையில் சுற்றி எடுத்துப்போய் அதே பள்ளத்தில் வைத்தேன். அறுத்துப் போட்டிருந்த தட்டில் ஒரு கத்தையைப் பிரித்து, சுற்றி நிற்கிற தட்டின்மேல் சாய்த்துவிட்டேன், மேலிருந்து காக்காய்க்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று. ராத்திரி தூக்கமே இல்லை. நாயைச் சங்கிலியில் போட்டிருந்தேன், அது குரைக்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன். வெடிந்ததும் மோட்டார் ரூம் மேல் ஏறிப் பார்த்தால், சாய்த்து வைத்த தட்டுக்கு நடுவில் சின்னதாக ஒரு கொண்டை தெரிந்தது. இறங்கும்போது கால் நடுங்கியது எனக்கு.

மூணாம் நாள், பஞ்சாயத்தில் நம்பர் வாங்கி வனத்துறைக்குப் போன் பண்ணினேன். ஒரு தம்பி டூ வீலரில் வந்தார், தூரத்தில் இருந்தே பார்த்தார். "கைய வெக்காதீங்க, கிட்டப் போகாதீங்க, பொரிக்கறதுக்கு 28, 30 நாள் ஆகும். எப்ப முட்டையிட்டுச்சுன்னு தெரியாததால முழுசா ஒரு மாசம்னே வெச்சுக்கங்க" என்றார். குஞ்சு பொரித்த மறுநாளே தாய் கூட்டிக்கொண்டு போய்விடும், கூட்டில் தங்காது என்பதையும் அவர்தான் சொன்னார். கோழியில் வைத்த கதையை அவரிடம் நான் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

கூட்டைக் காப்பாற்ற நான் பண்ணினதில் உருப்படியானது ரெண்டு. கூட்டை மட்டும் விட்டுச் சுற்றி வட்டமாக அறுத்தால், மொட்டைக் காட்டில் ஒரு குடுமி மாதிரி நிற்கும். கீரியும் காக்காயும் நேராக அங்கேதான் வரும். அதனால் கூட்டிலிருந்து வேலி வரைக்கும் தட்டை அறுக்காமல் விட்டேன், மயில் மறைவாக நடந்து போய் மேய்ந்துவிட்டு வர. இப்படியாக அஞ்சு சென்ட் நின்றது. அடுத்து, பாத்தித் தண்ணி. கூடு மேட்டில் இல்லை, பாத்திக்குள்ளேயே இருந்தது. எப்போதும் போல மடையைத் திறந்திருந்தால் முட்டை மிதந்திருக்கும். அந்த மடையை மண் போட்டு அடைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்தேன், மறந்துபோய்த் திறந்துவிடக் கூடாதே என்று. மெஷின் வைத்து அறுக்கிறவர்கள் இன்னொன்றும் பண்ணலாம். முதல் நாள் பொழுதோட ஒரு தரம் காட்டுக்குள் நடந்து பாருங்கள். அறுக்கும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு வராமல், நடுவிலிருந்து ஓரத்துக்குப் போங்கள், உள்ளே இருப்பது வெளியே ஓட வழி கிடைக்கும்.

2020-ல் சிவகங்கைப் பக்கம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டினதால், ஊரே ஒரு மாசத்துக்கு மேல் தெருவிளக்குப் போடாமல் இருட்டில் இருந்ததாகப் பேப்பரில் வந்தது. அப்போது படித்துவிட்டு, 'ஆஹா' என்று நாலு பேருக்கு அனுப்பினவள் நான். அவர்கள் ஊராகச் சேர்ந்து இருட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். என் மாட்டுக்கு யார் பங்கு போடுவார்கள்?

நான் கோட்டை விட்டது இங்கேதான். அஞ்சு சென்ட் என்றால் பத்து நாள் தீவனம். அன்றைக்கே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பத்துப் பன்னிரண்டு உருண்டை வைக்கோல் இறக்கியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். உருண்டை 220 ரூபாய். 'ஒரு பறவைக்காக ரெண்டாயிரத்துச் சில்லறையா' என்று கை வரவில்லை. கூட்டைத் தாண்டி அடுத்த பாத்திக்குப் போய் அறுக்க ஆரம்பித்தேன். அது ஐம்பது நாள் தட்டு இல்லை, நாற்பது நாள் தட்டு. சித்திரை வெயில், போரில் ஒரு மணி நேரத் தண்ணி, வளர்த்தி இல்லை. ஒரு நாள் அளவில் அறுத்தால் பாதிக் கட்டுதான் தேறியது. சரி என்று தினமும் ரெண்டு நாள் பாத்தியைச் சேர்த்து அறுத்தேன். ஒவ்வொரு நாளும் முந்தின நாளை விட ஒரு நாள் இளசான தட்டை அறுக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பின்னால் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மே 3-ம் தேதி காலையில் நான் அறுத்தது 24 நாள் தட்டு. அதுக்கு நாலு நாள் முன்னாடி ஒரு கோடை மழை பெய்து, வாடிக் கிடந்தது எல்லாம் பச்சைப்பசேல் என்று குருத்து விட்டிருந்தது. பார்க்க அத்தனை அழகு.

இளஞ்சோளம் தின்றால் மாடு சாகும் என்று இந்தப் பக்கம் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். 'இந்த ரகத்தில் விஷம் கம்மி' என்று சொல்லித்தான் விதை கொடுத்தார்கள், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தெரிந்ததை மறந்துவிட்டேன். கம்மி என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லையே. அதுவும் தண்ணி இல்லாத காய்ச்சலில் வாடி, மழைக்குத் துளிர்த்த குருத்துதான் எல்லாத்திலும் மோசம். ராத்திரி வைக்கோல் சரியாகப் போடாததால் வெறும் வயிற்றில் நின்ற செவலைக்கு முதல் கட்டைப் போட்டேன். மூணாம் ஈத்து, ஒன்பது லிட்டர் கறக்கிற மாடு. ஆவலாக இழுத்து இழுத்துத் தின்றது.

கால் மணி நேரம் இருக்கும். பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு மூச்சுச் சத்தம் கேட்டது, துருத்தி ஊதுகிற மாதிரி. போய்ப் பார்த்தால் வாயில் நுரை, கால் நாலையும் அகட்டி நிற்கிறது, உடம்பெல்லாம் நடுக்கம். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு செக்கச்செவேல் என்று இருந்தது. சோகை பிடித்த மாட்டுக்கு ஈறு வெளுத்திருக்கும், இது சிவப்பாகத்தானே இருக்கிறது, அப்போது ஒன்றும் இல்லை என்று ஒரு நிமிசம் நினைத்தேன் பாருங்கள், அந்த ஒரு நிமிசத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. சோளத்து விஷத்துக்கு அடையாளமே அந்தச் சிவப்புதான். அப்படியே பின்னங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டது.

கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962-க்கு அடித்தேன், வண்டி வேறு ஊரில் இருந்தது. பக்கத்தில் இருக்கிற தனியார் டாக்டரைக் கூப்பிட்டேன். "டாக்டருங்க, இளஞ்சோளத் தட்டு தின்னுருச்சுங்க, மழைக்குத் துளுத்தது" என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னதுதான் மாட்டைக் காப்பாற்றியது என்றார் அவர் பிற்பாடு. வயிறு உப்பிருச்சு, காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் வேறு மருந்தை எடுத்துக்கொண்டு வந்திருப்பார். இதுக்கு ரத்தக்குழாயில் போடுகிற ஊசி தனி, அதைக் கையோடு கொண்டு வர வேண்டும். ஆத்தா வெல்லத் தண்ணி கரைத்துக்கொண்டு மாட்டு வாயில் ஊற்றுகிற மூங்கில் கொட்டத்தோடு வந்துவிட்டார்கள். டாக்டர் போனிலேயே வேண்டாம் என்று கத்தினார். மூச்சு வாங்குகிற மாட்டுக்கு வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போய்விடும். அதையும் மீறி ஊற்றி, விஷத்தில் பிழைத்த மாட்டைத் தண்ணியில் கொன்றவர்கள் உண்டாம். இருபத்தைந்து நிமிசத்தில் வந்தார். ஊசி மருந்து மெதுவாக ஏற ஏற, தலையைத் தரையில் போட்டிருந்த செவலை காதை ஒரு தரம் ஆட்டியது. அதை மடியில் தலை வைத்துப் பிடித்திருந்த எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சத்தமாகவே அழுதேன். ஆத்தாவும் அழுதார்கள். பொழுதோட எழுந்து நின்றது, மறுநாள்தான் அசை போட்டது.

சோளத்தட்டு வைத்திருக்கிறவர்களுக்கு டாக்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். பூ எடுக்காத தட்டைப் பச்சையாகப் போட வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால் அறுத்து நன்றாகக் காய வைத்துப் போடுங்கள், காயக் காய விஷம் பெரும்பாலும் போய்விடும். ஆனால் ஒரு மணி நேரம் வாடினதெல்லாம் காய்ந்த கணக்கில் வராது. வெறும் வயிற்றில் போடாதீர்கள், முன்னாடி வைக்கோல் கொஞ்சம் உள்ளே போயிருக்கட்டும். அறுத்த அடிக்கட்டை நிற்கிற காட்டுக்குள் மாட்டை அவிழ்த்துவிடவே கூடாது, துளிரைத் தேடித் தேடித் தின்னும்.

செலவு இதுதான். டாக்டருக்கும் மருந்துக்கும் 2,800. செவலை பழையபடி கறக்கப் பன்னிரண்டு நாள் ஆனது, சராசரியாகத் தினம் அஞ்சு லிட்டர் போச்சு. சொசைட்டியில் லிட்டருக்கு 35, ஊக்கத்தொகை 3, ஆக 38 ரூபாய் கணக்கில் 2,280. கடைசியில் வாங்கித்தானே ஆக வேண்டும் என்று மே 3 மதியமே இறக்கின பன்னிரண்டு உருண்டை வைக்கோல் 2,640. மொத்தம் 7,720 ரூபாய். இதில் மயில் கணக்கில் வருவது அந்த வைக்கோல் மட்டும்தான். மிச்சம் ஐயாயிரத்துச் சொச்சம் என் அவசரத்துக்கு. இந்த மூணு வாரத்தில் மயில் ஒரு நாளும் எனக்குத் தொந்தரவு தரவில்லை. அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

மே 9-ம் தேதி காலையில் மோட்டார் ரூம் மேல் இருந்து பார்த்தபோது கொண்டை இல்லை. மதியம் வரைக்கும் பொறுத்துவிட்டுக் கிட்டப் போனேன். நாலு முட்டை ஓடு, அகலமான முனைப் பக்கம் மூடி திறந்த மாதிரி வட்டமாக உடைந்து கிடந்தது. ஒன்று பொரிக்கவில்லை, தொட்டால் சில்லென்று இருந்தது. அதை நான் கோழியில் வைத்த அன்றைக்குக் கெட்டதா, முன்னாடியே கூமுட்டையா, யாருக்குத் தெரியும். அப்படியே விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் அதுவும் இல்லை, கீரி எடுத்திருக்கும். நின்று முற்றிப்போன அந்த அஞ்சு சென்ட் தட்டை அறுத்துக் காய வைத்துப் போர் போட்டேன்.

ஆனி மாசம் கடலை விதைத்தோம். அப்போது வீட்டுக்காரர் ஊரில் இருந்தார். முளைப்பு மண்ணைக் கீறிக்கொண்டு வந்த மூணாம் நாள், வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் கூப்பிட்டார். "அம்மிணி, உன்ற பேரப்புள்ளைக வந்திருக்குது, வந்து பாரு." கடலைக்காட்டில் ஒரு பொட்டை மயில், அது பின்னால் கோழி அளவு வளர்ந்த நாலு. வரிசை தப்பாமல் கொத்திக்கொண்டு வந்தன. நான்தான் தகரத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.